கொடுக்கு இல்லாத நண்டு

"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் குடுடா. கவிதை மட்டும் வேணாம். ஏற்கெனவே நாற்பத்தேழு வந்து கெடக்கு, அதுல நாற்பது 'நட்பு'!" என்றான் நம் சங்கச் செயலாளர். சரி, நட்பைப் பற்றி எழுதவில்லை, ஒரு விண்கலத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். ஈ.சி.இ. பசங்களே இப்படித்தான் என்று நினைத்திருப்பான்.

நான் எழுதப் போவது கம்ப்யூட்டர் விளையாட்டில் வருகிற விண்கலங்களைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த விளையாட்டுகளில் *வராமல் போன* விண்கலங்களைப் பற்றி. வடிவம் இருக்கும், பெயர் இருக்கும், கையேட்டில் வர்ணனைகூட இருக்கும். ஆனால் திரையில் இருக்காது. அப்படி ஒன்றை வெட்டி எறிந்த பாவம் எனக்கும் உண்டு. அதை எழுதத்தான் இவ்வளவு பீடிகை.

எங்கள் பிராஜக்ட் பேட்ச்சில் நாலு பேர். வருகிற பேட்ச் எல்லாம் தானியங்கித் தெருவிளக்கு, மழை வந்தால் மூடும் கொடிக்கயிறு, வாட்டர் டேங்க் அலாரம் என்று செய்து கொண்டிருக்க, நாமாவது வித்தியாசமாகச் செய்வோமே என்று கிளம்பினோம். அர்டுயினோ ஊனோ போர்டு ஒன்று, கட்டை விரல் அகலத்துக்கு ஒரு ஓ.எல்.ஈ.டி. திரை ஒன்று, நாலு பட்டன். அதில் கோட்டு வடிவத்தில் ஒரு விண்கலம் முப்பரிமாணத்தில் சுழல வேண்டும். பட்டனை அழுத்தினால் திரும்ப வேண்டும். இவ்வளவுதான்.

விண்கலத்தை வரையும் பொறுப்பை அவனிடம் கொடுத்தோம். அவன் என்றால் என் பெஞ்ச் மேட். முதலாம் ஆண்டு இன்ஜினியரிங் டிராயிங்கில் நாங்களெல்லாம் டிராஃப்ட்டரோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தபோது, ஐசோமெட்ரிக் வியூவை வெறுங்கையால் போட்டுவிட்டு ஜன்னலில் வேடிக்கை பார்த்தவன். கடலூர்ப் பக்கம் ஒரு கடலோர ஊர். அவன் வரைந்து கொண்டு வந்த விண்கலம் ஒரு நண்டு! அறுகோண உடம்பு. முன்னால் இரண்டு கொடுக்கு. ஒவ்வொரு கொடுக்குக்கும் இரண்டு விரல், திறந்தபடி. கிராஃப் ஷீட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று அளவுகளும் பென்சிலில் குறித்திருந்தான்.

"விண்கலம்னா ராக்கெட் மாதிரிதான் இருக்கணுமா மாப்ளே? மேல காத்தே கெடையாது. கூரா இருந்தா என்ன, நண்டா இருந்தா என்ன?"

நியாயந்தானே! எங்களுக்கும் நண்டு பிடித்துப் போயிற்று. ரெக்கார்டு நோட்டில் பதினாலாம் பக்கம் முழுக்க அதுதான்.

சிக்கல் நினைவகத்தில் வந்தது. ஊனோ போர்டில் இருக்கும் ஏ.டி.மெகா 328பி சிப்பில் நிரல் வைக்க 32 கிலோபைட் இடம் உண்டு. ஆனால் ரேம் 2 கிலோபைட்தான், அதாவது 2048 பைட். அதைக் கொண்டு எப்படி என்று ஸ்டாஃப் ரூமில் போய் அழுதோம். எங்கள் கைடு சார் டீ டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "1984-ல ரெண்டு காலேஜ் பசங்க 32 கே மெஷின்ல ஒரு அண்டத்தையே வச்சாங்கப்பா. அவங்க சிப்புக்குப் பெருக்கக்கூடத் தெரியாது. போய் எலைட்னு தேடிப் பாருங்க."

தேடினோம். அன்றிரவு ஹாஸ்டலில் யாரும் தூங்கவில்லை.

*

எலைட் என்பது ஒரு விண்வெளி வணிக விளையாட்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்த டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரு மாணவர்கள் எழுதியது. 1984 செப்டம்பரில் அக்கார்ன்சாஃப்ட் நிறுவனம் பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டருக்காக வெளியிட்டது. கிரகத்துக்குக் கிரகம் போய்ச் சரக்கு வாங்கி விற்கலாம், கொள்ளையரோடு சண்டை போடலாம், நாமே கொள்ளையராகவும் ஆகலாம். முதலில் அவர்கள் தார்ன் இ.எம்.ஐ. நிறுவனத்திடம் காட்டியபோது, 'மூன்று உயிர் எங்கே, பத்து நிமிடத்தில் முடிய வேண்டாமா' என்ற ரீதியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலத்து விளையாட்டு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டுமாம்!

பி.பி.சி. மைக்ரோவில் 6502 வகை பிராசஸர், வேகம் 2 மெகாஹெர்ட்ஸ். சார் சொன்னது மெய்தான்: அதில் பெருக்கல் கட்டளையே கிடையாது. கூட்டி, நகர்த்தி, அட்டவணை வைத்துத்தான் பெருக்க வேண்டும். எங்கள் சிப்புக்குப் பெருக்கத் தெரியும், வேகமும் 16 மெகாஹெர்ட்ஸ். அதைப் படித்தபோது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு ஆறுதல், அவர்களுடைய 32 கிலோபைட் முழுவதும் ரேம், எங்களுடையது 2.

அந்த 32-லும் எல்லாம் விளையாட்டுக்குக் கிடைக்காது. திரைக்கே ஒரு பங்கு போய்விடும். அதைக் குறைக்க, திரையின் அகலத்தையே சுருக்கினார்கள்: 31 வரிசை, வரிசைக்கு 256 பைட், ஆக 7936 பைட். அதிலும் மேல்பாதி கறுப்பு வெள்ளையில் நுணுக்கமாகவும், கீழே இருக்கும் கருவிப் பலகை நான்கு நிறத்திலும் தெரிய வேண்டும் என்று, திரை வரையப்படும் நடுவிலேயே டைமர் வைத்து முறையை மாற்றினார்கள். நம் மைக்ரோபிராசஸர் பேப்பரில் இன்டரப்ட் என்றால் இரண்டு மார்க் கேள்வி. அது எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

கிரகங்களை அவர்கள் சேமித்து வைக்கவே இல்லை. மூன்று 16-பிட் எண்கள், மொத்தம் 6 பைட். மூன்றையும் கூட்டினால் அடுத்த எண், பிறகு அதற்கடுத்தது என்று போய்க்கொண்டே இருக்கும். அந்த எண்களிலிருந்தே கிரகத்தின் பெயர், இடம், அரசாங்கம், விலைவாசி எல்லாம் பிறக்கும். ஒரு மண்டலத்துக்கு 256 கிரகம். ஒவ்வொரு பைட்டையும் ஒரு பிட் இடப்புறம் சுழற்றினால் அடுத்த மண்டலம். எட்டுத் தடவை சுழற்றினால் பழைய இடத்துக்கே வந்துவிடும் என்பதால் எட்டு மண்டலம். எட்டை 256-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 2048. எங்கள் ரேமின் பைட் எண்ணிக்கை! (இதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு அர்த்தம் இருப்பது போலத் தோன்றியது.) இந்த 48 பிட்டை வைத்துச் சுமார் 281 லட்சம் கோடி மண்டலம் செய்யலாம் என்றுதான் அவர்கள் முதலில் கிளம்பினார்கள். அவ்வளவு இருந்தால் இது வெறும் கணக்கு என்பது ஆடுகிறவனுக்குத் தெரிந்துவிடும் என்று வெளியீட்டாளர் குறைக்கச் சொன்னாராம். ஒரு மண்டலத்தில் ஒரு கிரகத்துக்குக் கெட்ட வார்த்தை பெயராக வந்துவிட்டதால் அந்த மண்டலத்தையே தூக்கிவிட்டு வேறு போட்டார்கள் என்றும் ஒரு கதை உண்டு.

இப்போது விண்கலங்களுக்கு வருகிறேன். பெயர்களைக் கேளுங்கள்: கோப்ரா, வைப்பர், மாம்பா, பைத்தான், சைட்விண்டர், க்ரெய்ட், ஆனகோண்டா... நம்மூர்க் கணக்கில் நல்ல பாம்பு, விரியன், மலைப்பாம்பு, கட்டுவிரியன். கிண்டி பாம்புப் பண்ணைதான். "இதுல ஒரு நண்டு இருந்தா என்ன கெட்டுப்போச்சு?" என்றான் அவன்.

ஒரு விண்கலத்தை அவர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தோம். மூல நிரல் இன்று எல்லோரும் படிக்கக் கிடைக்கிறது. தலைப்புக்கு 20 பைட். ஒரு முனைப்புள்ளிக்கு 6 பைட். ஒரு கோட்டுக்கு 4. ஒரு முகத்துக்கு 4. கோப்ரா மார்க் 3-க்கு 28 புள்ளி, 38 கோடு, 13 முகம். போட்டுப் பாருங்கள்: 20 + 168 + 152 + 52. மொத்தம் 392 பைட். நம் அரசாங்க விண்ணப்பத்தில் முகவரி எழுத விடும் இடத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம்!

கஞ்சத்தனத்தின் உச்சம் ஒன்றையும் சொல்ல வேண்டும். தார்காய்டு என்று வேற்றுக்கிரகத்தார் வருவார்கள், எண்கோண வடிவக் கப்பலில். அதிலிருந்து தார்கான் என்ற குட்டிக் கப்பல்கள் கிளம்பும். அந்தக் குட்டிக்குத் தனியாகக் கோட்டு அட்டவணையே கிடையாது. சரக்கு டப்பாவின் அட்டவணையைக் கடன் வாங்கி, புள்ளிகளையும் முகங்களையும் மட்டும் மாற்றிக் கொண்டார்கள். அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டு அளவு பிடித்த மாதிரி.

இவ்வளவு கஞ்சத்தனம் செய்தும் எல்லாக் கப்பலுக்கும் இடம் கிடைக்கவில்லை. கேசட்டில் வந்த பதிப்புக்கு எல்லாம் ஒரே நேரத்தில் நினைவகத்துக்குள் இருந்தாக வேண்டும். அதனால் அதில் ஏவுகணை, விண்கல், சரக்கு டப்பா, விண்வெளி நிலையம் எல்லாம் சேர்த்தே பன்னிரண்டு வடிவந்தான். ஆனகோண்டா இல்லை, க்ரெய்ட் இல்லை, ஆஸ்ப் இல்லை, ஆடர் இல்லை. டிஸ்க் டிரைவ் வைத்திருந்தவர்களுக்கு அவை உண்டு. ஆனால் அங்கும் எல்லாம் ஒன்றாக இல்லை. பதினாறு கோப்பாகப் பிரித்து வைத்து, நிலையத்திலிருந்து கிளம்பும்போது ஒன்றை ஏற்றுவார்கள். அன்றைக்கு எந்தக் கோப்பு வருகிறதோ அதிலிருக்கும் கப்பல்தான் எதிரே வரும். அக்கார்ன் எலெக்ட்ரான் என்ற மலிவு விலை கம்ப்யூட்டரின் நிலைமை இன்னும் மோசம். அதன் திரைக்கே 10 கிலோபைட் போய்விடும். அந்தப் பதிப்பில் தார்காய்டுகளையே தூக்கிவிட்டார்கள். சூரியனையும்! சூரியனே இல்லாத வானத்தில் பசங்கள் வியாபாரம் செய்தார்கள்.

இதையெல்லாம்விட என்னைப் படுத்தியது வேறொன்று. விளையாட்டோடு வந்த கையேட்டில் தலைமுறைக் கப்பல்கள் என்று ஒரு வகை சொல்லப்பட்டிருக்கிறது. ஒளியை மிஞ்சும் பயணம் கண்டுபிடிப்பதற்கு முன்னால் கிளம்பிய பிரம்மாண்டமான கப்பல்கள். உள்ளேயே பிறந்து, உள்ளேயே வாழ்ந்து, உள்ளேயே செத்து, தலைமுறை தலைமுறையாக இருட்டில் மிதந்துகொண்டிருப்பவை. படித்த பையன்கள் அவற்றைத் தேடினார்கள். மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில். நிரலைப் பிரித்துப் பார்த்தால் அப்படி ஒரு கப்பல் அதில் கிடையவே கிடையாது. 392 பைட்கூட வேண்டாம், ஒரு பைட்கூட அதற்கு ஒதுக்கப்படவில்லை. காகிதத்தில் மட்டும் மிதந்த கப்பல். பின்னால் வந்த எலைட் டேஞ்சரஸ் விளையாட்டில் 2017-இல்தான் அவை கண்ணுக்குத் தெரிந்தன. 33 வருடம்!

அதைப் படித்துவிட்டு அவன் சொன்னது நினைவிருக்கிறது. "பாவம்டா. தேடினவங்களச் சொல்லல. அந்தக் கப்பல்ல இருந்தவங்கள."

*

எங்கள் நண்டு கதைக்கு வருவோம்.

ஒரு தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மூலை உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். மொத்தம் ஆறு முகம், உங்களுக்குத் தெரிவது மூன்று. மொத்தம் பன்னிரண்டு விளிம்பு, தெரிவது ஒன்பது. மறைந்த மூன்றையும் சேர்த்து வரைந்துவிட்டால் படம் கண்ணாடிப் பெட்டி போல ஆகிவிடும். எலைட்டில் இதற்கு ஒரு சுலபமான வழி வைத்தார்கள். ஒவ்வொரு முகத்திலிருந்தும் செங்குத்தாக ஒரு அம்பு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அம்பு நம்மை நோக்கி இருந்தால் முகம் தெரியும். முதுகைக் காட்டினால் தெரியாது. ஒரு கோடு இரண்டு முகங்களுக்கு எல்லை. இரண்டில் ஒன்றாவது தெரிந்தால் கோட்டை வரை, இல்லாவிட்டால் விடு.

அழகான வழி. ஆனால் ஒரு நிபந்தனை: உருவத்தில் குழிவு இருக்கக் கூடாது. தேங்காய்க்குச் சரி, தீப்பெட்டிக்குச் சரி. நண்டுக்குச் சரிவராது. கொடுக்கு ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். உடம்பின் முன்முகம் நம்மைப் பார்க்கிறது என்பது உண்மைதான், ஆனால் அதற்கு முன்னால் கொடுக்கு நிற்கிறதே! கொடுக்கின் வழியாக உடம்பின் கோடுகள் தெரிந்தன. நண்டு எக்ஸ்ரே எடுத்த மாதிரி இருந்தது. எலைட்டின் கப்பல்கள் எல்லாம் ஏன் ஆப்பு மாதிரி, சீவிய கல் மாதிரி இருக்கின்றன என்று அப்போது புரிந்தது. போதாக்குறைக்கு அவர்கள் முறையில் ஒரு முகத்தின் எண்ணுக்கு ஒதுக்கியது நாலே பிட். பதினாறுக்கு மேல் முகமே வைக்க முடியாது. எங்கள் நண்டுக்கு 44 புள்ளி, 66 கோடு, 32 முகம்.

முதல் ரிவ்யூவுக்கு முந்தைய இரவு. எக்ஸ்ரே நண்டானாலும் பரவாயில்லை, சுழன்றால் போதும் என்று போர்டில் ஏற்றினேன். அவன் ஊருக்குப் போயிருந்தான், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. கம்பைலர் எல்லாம் சரி என்றது. திரை வரவில்லை. கறுப்பு. ஒயரைப் பிடுங்கிச் செருகினேன், போர்டை மாற்றினேன், ஊதினேன்கூட. காரணம் பிறகுதான் கிடைத்தது. திரை 128-க்கு 64 புள்ளி. அதற்கு 1024 பைட் வேண்டும், ரேமில் சரிபாதி. நாங்கள் பயன்படுத்திய லைப்ரரி அதை நிரல் ஓட ஆரம்பித்த பிறகுதான் கேட்கும், கம்பைலர் கணக்கில் அது வராது. நண்டின் புள்ளிகளுக்கு 264, கோடுகளுக்கு 264, முகங்களுக்கு 192, சுழற்றிய புள்ளிகளை வைக்க 176. ஆக 896. திரையோடு சேர்த்து 1920. மிச்சம் 128 பைட்டில் மற்ற வேலையெல்லாம் நடக்க வேண்டும் என்றால் அது எப்படி நடக்கும்?

மணி பதினொன்றரை. காலையில் ஹெச்.ஓ.டி. வருவார். நான் நண்டை அழித்துவிட்டேன். எலைட்டின் சைட்விண்டரைப் போட்டேன். 10 புள்ளி, 15 கோடு, 7 முகம். உடனே திரை வந்தது, கப்பல் வெண்ணெய் மாதிரிச் சுழன்றது. அவனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. தூங்கியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் பஸ் பிடித்து நேராக லேபுக்கு வந்தான். கையில் பை. திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. ஹெச்.ஓ.டி. "வெரி குட்" என்றார். அன்று மெஸ்ஸில் அவன் வேறு மேஜையில் உட்கார்ந்தான். அடுத்த நாளும். இரண்டு வாரம் கழித்துப் பேச ஆரம்பித்தோம், ஆனால் 'மாப்ளே' போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருந்தான்.

ஏப்ரலில் வைவா. வெளியிலிருந்து வந்த எக்ஸ்டெர்னல் ரெக்கார்டு நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார் (புரட்டுகிற எக்ஸ்டெர்னலும் இருக்கிறார்கள்!). பதினாலாம் பக்கத்தில் நின்றார்.

"இதென்ன, நண்டா? நல்லா இருக்கே. இதச் சுத்த வச்சிக் காட்டுங்க."

தலைமுறைக் கப்பலைத் தேடியவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அந்த நிமிடம் தெரிந்தது. "மெமரி பத்தல சார்... அதனால எடுத்துட்டோம்" என்றேன். 'டோம்'.

"நீங்களும் ஒத்துக்கிட்டீங்களா?" என்று அவர் அவனைக் கேட்டார். யார் வரைந்தது என்று எப்படியோ கண்டுபிடித்திருக்கிறார்.

அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, "மெமரி பத்தலதான் சார்" என்றான்.

என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

மார்க் நன்றாகவே வந்தது. பரீட்சையும் முடிந்தது. அவன் ஊருக்குப் போய்விட்டான். எனக்குத்தான் அந்த 'பத்தல' காதை விட்டுப் போகவில்லை. ஒரு நாள் உட்கார்ந்து மறுபடியும் கணக்குப் போட்டேன். நண்டின் புள்ளி, கோடு, முகம் இவை எப்போதும் மாறாத எண்கள். மாறாத எண்களை ரேமில் வைக்கவே வேண்டாம். நிரல் இருக்கும் 32 கிலோபைட்டிலேயே வைக்கலாம். அங்கே பாதிக்கு மேல் சும்மா கிடந்தது. அதற்கு ஒவ்வொரு அட்டவணைக்கும் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும், படிக்கும் இடத்தில் கொஞ்சம் மாற்ற வேண்டும். 720 பைட் மிச்சம்! ஆக, நண்டை வெட்டியது மெமரி இல்லை. பதினொன்றரை மணிக்கு எனக்கு இருந்த அவசரம்.

எக்ஸ்ரே பிரச்னைக்கும் வழி இருந்தது. நண்டை ஒரே உருவமாகப் பார்த்ததுதான் தப்பு. உடம்பு ஒன்று, கொடுக்கு விரல் நாலு, மொத்தம் ஐந்து துண்டு. தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் குழிவு இல்லை. எதிலும் எட்டு முகத்துக்கு மேல் இல்லை, எலைட்டின் நாலு பிட்டுக்கே அடங்கும். தூரத்தில் இருக்கும் துண்டை முதலில் வரைய வேண்டும். பக்கத்துத் துண்டை வரையும் முன் அதன் முகங்களைக் கறுப்பால் நிரப்பிவிட்டால் பின்னால் இருப்பது தானாக மறைந்துவிடும்.

மூன்று ராத்திரி ஆயிற்று. பதினாலாம் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன். பென்சிலில் அவன் எழுதிய எண்களை ஒவ்வொன்றாக அடித்தேன். நாலாவது நாள் காலையில் நண்டு சுழன்றது. கொடுக்கோடு. செல்போனில் வீடியோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். கூடவே என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒன்றும் எழுதவில்லை.

மத்தியானம் வரை பதில் இல்லை. அப்புறம் போன் வந்தது. பின்னால் கடல் காற்று இரைந்தது.

"மாப்ளே, வலது கொடுக்கு மேல்விரல் உள்பக்கமா மடங்கியிருக்கு பாரு. நான் அப்படிப் போடல."

எடுத்துப் பார்த்தேன். ஏழாவது புள்ளியில் ஒரு மைனஸ் விட்டுப் போயிருந்தது.

— மூன்றாம் ஆண்டு, ஈ.சி.இ.